பழைய தெருவில் ஒரு வீடு: வாங்குவதற்கு முன்னும் குடியேறிய முதல் ஆண்டிலும்

வாசகரின் கடிதம்:

சிறு நகரம் ஒன்றின் பழைய குடியிருப்புப் பகுதியில், நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு வீட்டை வாங்கிக் குடியேறலாம் என்று நானும் என் மனைவியும் எண்ணியிருக்கிறோம். இருபுறமும் அண்டை வீடுகளோடு பொதுச்சுவர் உள்ள வீடு. அந்தத் தெரு முழுவதும் நகராட்சியின் மரபுப் பகுதிப் பட்டியலில் இருப்பதால் முகப்பில் எதை மாற்றுவதற்கும் முன் அனுமதி வேண்டும் என்கிறார்கள். தரைத்தளச் சுவர்களில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறிப் பூச்சு பொரிந்து உதிர்கிறது. மாடி ஜன்னலின் மேல்மூலையில் ஒரு விரிசல் இருக்கிறது. வீட்டைப் பார்த்த ஒப்பந்ததாரர், பழைய பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு நீர் புகாத சிமென்ட் பூச்சு பூசவும், மர ஜன்னல்களைக் கழற்றிவிட்டு அலுமினிய ஜன்னல்கள் பொருத்தவும் சொல்கிறார். என் தாயாருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. குழந்தைகள் இருவரும் சிறியவர்கள். வெளியூரார் அங்கே வீடு வாங்குவதைத் தெருவாசிகள் சிலர் விரும்பவில்லை என்றும் கேள்விப்பட்டோம். இந்த வீட்டை வாங்கலாமா? வாங்கினால் எதை முதலில் செய்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால் மின்கம்பி, கூரை ஒழுக்கு போன்ற சிலவற்றைத் தவிர, ஒப்பந்ததாரர் அடுக்கிய வேலைகளில் ஒன்றைக்கூடத் தொடங்காமல் அந்த வீட்டில் ஓராண்டு குடியிருக்க உங்கள் குடும்பத்தால் இயலுமா என்பதை முதலில் வீட்டாரோடு கலந்து பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட கட்டடக்கலைஞன் என்ற முறையில் சொல்கிறேன்: நூறு ஆண்டு வெயிலும் மழையும் செய்யாத சேதத்தை, புதிதாக வாங்கியவர் முதல் ஆறு மாதத்தில் அவசரப்பட்டுச் செய்த சீரமைப்பு செய்துவிட்ட வீடுகளை நான் மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். அந்த வீடு எங்கே நனைகிறது, எங்கே உலர்கிறது, எந்த அறைக்கு எந்தப் பருவத்தில் காற்று வருகிறது என்பதெல்லாம் எல்லாப் பருவங்களையும் அதற்குள் இருந்து பார்த்தவருக்கே தெரியவரும். அது தெரியாமல் செலவிடும் பணம் பெரும்பாலும் தவறான சுவரில்தான் போய்ச் சேர்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைகொள்ள வைத்தது சிமென்ட் பூச்சு யோசனைதான். ஆகவே அதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். லீட்ஸ் நகரத்துக் கொத்தனாரான ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாந்து சிமென்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824-ஆம் ஆண்டில்தான். அது சிறு நகரங்களின் சாதாரண வீடுகள்வரை பரவுவதற்கு மேலும் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஆகவே நூறு ஆண்டுகளைத் தாண்டிய ஒரு வீட்டின் சுவர், சுண்ணாம்புக் காரையாலோ களிமண்ணாலோ கட்டப்பட்டிருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. இதை நீங்களே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியும் ஓர் இடத்தில், இரண்டு கல்லுக்கு இடையிலுள்ள கலவையைச் சாவி முனையால் சுரண்டுங்கள். சிமென்டாக இருந்தால் சாவி வழுக்கிச் சாம்பல் நிறக் கோடு மட்டும் விழும். சுண்ணாம்பாக இருந்தால் வெளிறிய மணலாகக் கையில் உதிரும். அதனிடையே கடுகளவிலிருந்து பட்டாணியளவு வரையில் தூய வெள்ளைக் கட்டிகளும் தென்படும். சுண்ணாம்பை நீற்றிக் கலக்கும்போது முழுமையாகக் கரையாமல் தங்கிய துணுக்குகள் அவை. அவற்றைக் கண்டுவிட்டால், அந்தச் சுவர் எந்த முறையில் வேலை செய்கிறது என்பது ஏறத்தாழ உறுதியாகிவிடும்.

அந்த முறை இதுதான். நிலத்து ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலேறும். பொதுவாக ஒரு மீட்டர் உயரம் வரை ஏறும். இடுப்பளவு என்று நீங்கள் எழுதியிருப்பது அதனோடு பொருந்தியே இருக்கிறது. ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியாக ஆவியாகி வெளியேறிவிடும். மண்ணிலிருந்து அதனோடு கரைந்து வந்த உப்பு மட்டும் பூச்சின் மேற்பரப்பில் படிகமாகித் தங்கும். படிகம் விரிவடையும்போது பூச்சு பொரிந்து உதிர்கிறது. பார்ப்பதற்கு அது நோயாகத் தோன்றினாலும், கல்லுக்கு வரவேண்டிய சேதத்தைப் பூச்சு தன்மேல் வாங்கிக்கொள்கிறது என்பதே அதன் பொருள். சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பூச்சைப் புதுப்பித்தால் கல் காப்பாற்றப்படும் என்ற கணக்கில்தான் அந்தக் காலத்துக் கொத்தனார்கள் சுவரைவிட மென்மையான பூச்சைப் பூசினார்கள்.

இந்தச் சுவரின்மேல் நீர் புகாத சிமென்டைப் பூசினால், மண்ணிலிருந்து ஈரம் ஏறுவது நிற்காது; வெளியேறும் வழி மட்டும் அடைபடும். முதல் ஓரிரு ஆண்டுகளுக்குச் சுவர் உலர்ந்ததுபோல் தோன்றும், ஒப்பந்ததாரரும் தம் வேலை வெற்றி பெற்றதாகவே நம்புவார். அதன் பிறகு ஈரம் பூச்சின் மேல்விளிம்பைத் தேடி ஏறும். இடுப்பளவில் இருந்தது தோளளவுக்கு வரும், சில வீடுகளில் மாடித்தளத்தைத் தாங்கும் உத்திரங்களின் முனைகளை எட்டிவிடும். சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த முனைகளின் ஈரப்பதம் நூற்றுக்கு இருபதைத் தாண்டி அப்படியே நீடித்தால் மரத்தைத் தின்னும் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். இதற்கிடையில் உப்பு பூச்சுக்குப் பின்னால், கல்லின் உள்ளேயே படிகமாகத் தொடங்கும். ஒருநாள் சிமென்ட் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டுதான் விழும். அப்போது புதிதாகப் பூசிச் சரிசெய்ய நல்ல கல்லே எஞ்சியிருக்காது. சுவரில் அடிக்கும் பிளாஸ்டிக் வண்ணங்களும் இதே தீமையைக் குறைந்த அளவில் செய்கின்றன.

எனவே பூச்சைப் பற்றிய பேச்சைச் சிறிது காலம் தள்ளிவைத்துவிட்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். விற்பவரிடம் அனுமதி கேட்டு, நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் குடையோடு அந்த வீட்டைச் சுற்றி நடங்கள். கூரைத் தண்ணீரைக் கீழே கொண்டுவரும் குழாய் எங்கே முடிகிறது? சுவரடியிலேயே கொட்டுகிறதா? கூரை விளிம்பில் தண்ணீரைப் பிடிக்கும் தாழியில் இலை அடைத்து, தண்ணீர் சுவர்மேல் வழிகிறதா? பின்கட்டில் பிற்காலத்தில் போட்ட சிமென்ட் தளம் வீட்டை நோக்கிச் சரிந்திருக்கிறதா? சுவரையொட்டிப் பூச்செடிக்காக மண் அணைத்திருக்கிறார்களா? வெளித்தரை உள்தரையைவிட 15 சென்டிமீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும். மழைத்துளி தரையில் பட்டுத் தெறித்துச் சுவரை நனைக்கும் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அதற்கு மேலும் இருப்பது நல்லது.

பழைய தெருக்களில் இந்த அளவு கெட்டுப்போவதற்கு வீட்டுக்காரர் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய தார் அடுக்கைப் போடுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் சாலை சில சென்டிமீட்டர் உயர்கிறது. நாலைந்து முறைக்குப் பின் வாசற்படிகளில் ஒன்று புதைந்துவிடுகிறது, வடிகாலுக்குப் போகவேண்டிய தண்ணீர் வீட்டுச் சுவரிலேயே தேங்குகிறது. ஒரு தெருவின் எல்லா வீடுகளையும் ஒரே சமயத்தில் கெடுக்கும் இந்தச் செயலை, முகப்பு வண்ணத்துக்குக்கூட அனுமதி கேட்கும் அமைப்புகள் கண்டுகொள்ளாமல் விடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. நீங்கள் பார்க்கும் வீட்டின் படிகளை எண்ணி, பழைய புகைப்படம் ஏதேனும் கிடைத்தால் அதிலுள்ள படிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால் உங்கள் ஈரத்துக்கான காரணத்தின் பெரும்பகுதி தெருவில் இருக்கிறது. அடுத்த முறை சாலை போடும்போது பழைய அடுக்கை அகற்றிவிட்டுப் போடவேண்டும் என்று தெருவார் அனைவரும் கையெழுத்திட்டு முன்கூட்டியே மனுக் கொடுப்பதுதான் அதற்குரிய மருந்து.

தண்ணீரின் வழியைத் திருத்திய பிறகு சுவருக்கு அவகாசம் கொடுங்கள். நனைந்த சுவர் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் உலரும் என்று கட்டடத் தொழிலில் பொதுவாகச் சொல்வார்கள். ஒன்றரை அடிக் கனமுள்ள சுவருக்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை உதிரும் பூச்சையும் உப்பையும் நீரில்லாமல் தூரிகையால் தட்டிப் பெருக்கி வெளியே கொட்டுங்கள். கழுவினால் உப்பு மறுபடியும் சுவருக்குள்ளேயே போகும். உலர்ந்த பின், கெட்ட இடத்தை மட்டும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசி, மேலே சுண்ணாம்பு வெள்ளையே அடிக்கலாம். சுண்ணாம்புப் பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சித்தான் கெட்டிப்படும். ஆகவே கடும் வெயிலில் பூசக் கூடாது; பூசிய பின் சில நாட்கள் ஈரச் சாக்கு போர்த்திக் காக்க வேண்டும். இந்த வேலையை அறிந்த கொத்தனாரை இப்போதே தேடத் தொடங்குங்கள். அவரைக் கண்டுபிடிப்பதற்கான எளிய வழி, அதே தெருவில் நன்றாகப் பேணப்பட்ட வீட்டின் கதவைத் தட்டி விசாரிப்பதுதான்.

விரிசலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கதவு, ஜன்னல் மூலைகளில் விரிசல் விழுவது பழைய சுவர்களில் சாதாரணம். அது நின்றுபோன விரிசலா, இன்னும் வளர்கிறதா என்பதே கேள்வி. உள்ளே பழைய வண்ணமும் தூசியும் படிந்திருந்தால் அது வெகுகாலமாக அப்படியே இருக்கிறது. விளிம்புகள் கூராகவும் உட்புறம் புதிதாகவும் இருந்தால் அண்மையில் விழுந்தது. இருமுனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு இட்டு அருகில் தேதியை எழுதிவையுங்கள். அகலத்தை மாதம் ஒருமுறை அளந்து குறியுங்கள். களிமண் நிலம் கோடையில் சுருங்கி மழையில் உப்பும் என்பதால், ஓராண்டுச் சுற்று முடியாமல் முடிவுக்கு வர இயலாது. விரிசல் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் போனாலோ, அருகிலுள்ள கதவு இறுகத் தொடங்கினாலோ, வாங்குவதற்கு முன்பே பழைய சுவர்களில் பழக்கமுள்ள கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்தாக வேண்டும். அருகில் பெரிய மரம் இருந்தால் அதன்மேல் பழிபோட்டு உடனே வெட்டிவிடவும் வேண்டாம். களிமண்ணில் அது உறிஞ்சிவந்த நீர் மண்ணிலேயே தங்கிவிட, நிலம் உப்பி அஸ்திவாரத்தைத் தூக்கிவிடுவதும் உண்டு.

ஜன்னல்களை மாற்றச் சொல்வதற்கு ஒப்பந்ததாரர் கூறிய காரணத்தை நீங்கள் எழுதவில்லை. காற்றுப் புகுகிறது, கீழ்ச்சட்டம் இற்றுவிட்டது என்பவைதான் வழக்கமாகச் சொல்லப்படுபவை. பழைய ஜன்னல்கள் பெரும்பாலும் முதிர்ந்த மரத்தின் வைரப் பகுதியில் செய்யப்பட்டவை. இன்று கடையில் கிடைக்கும் மரம் அந்தத் தரத்தில் இருப்பது அரிது. மழைநீர் தங்கும் கீழ்ச்சட்டமும் அதன் இரு மூட்டுகளும் மட்டுமே பெரும்பாலும் இற்றிருக்கும். இற்ற பகுதியை அறுத்தெடுத்துவிட்டு நல்ல மரத்தை இணைப்பது எந்தத் தேர்ந்த தச்சருக்கும் தெரிந்த வேலை. நன்றாக இருக்கும் முக்கால் பங்கைக் கால் பங்குக்காகக் குப்பையில் போடவேண்டியதில்லை. குளிரும் இரைச்சலும் தொல்லை தந்தால், உட்புறத்தில் கழற்றக்கூடிய இன்னொரு கண்ணாடிச் சட்டத்தைப் பொருத்தலாம். முகப்பு மாறாது, பெரும்பாலான இடங்களில் அதற்கு எளிதாக அனுமதியும் கிடைக்கும். இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள்: ஈரச் சுவருள்ள வீட்டில் ஜன்னல்களை முற்றிலும் காற்றுப் புகாதபடி அடைத்துவிட்டால், சமையலறை நீராவி குளிர்ந்த சுவரில் படிந்து, இல்லாத இடத்திலும் பூஞ்சணம் பிடிக்கும்.

ஓராண்டு காத்திருக்கக் கூடாத வேலைகளுக்கு வருகிறேன். குழந்தைகள் இருப்பதால் இதில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். குடியேறுவதற்கு முன்பே, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மின்கம்பி முழுவதையும் சோதித்துவிடுங்கள். பழைய ரப்பர் உறைக் கம்பிகள் காய்ந்து வெடித்திருக்கும். பல வீடுகளில் எர்த்திங்கே இருக்காது. எர்த்திங்கைச் சரிசெய்து, 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி பொருத்திய பிறகே குடும்பத்தை அழைத்துச்செல்லுங்கள். அடுத்தது ஈயம். அமெரிக்கா வீட்டு வண்ணங்களில் ஈயத்தைத் தடைசெய்ததே 1978-இல்தான். பல நாடுகளில் தடை அதற்கும் பிந்தியே வந்தது. ஆகவே உங்கள் கதவு ஜன்னல்களின் பழைய வண்ண அடுக்குகளில் ஈயம் இருப்பதாகவே கொள்ளுங்கள். கெட்டியாக ஒட்டியிருக்கும் வண்ணம் பொதுவாகத் தீங்கு செய்யாது; அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்ப்பதும் தீச்சுடரால் எரித்துச் சுரண்டுவதும்தான் நஞ்சைக் காற்றில் கலக்கும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது தாக்கும் என்பதால், அவ்வேலை நடக்கும்போது அவர்கள் வீட்டில் இருக்கவே கூடாது. குடிநீர்க் குழாயையும் பாருங்கள்: காசின் விளிம்பால் சுரண்டும்போது உலோகம் மென்மையாக வழிந்து வெள்ளிபோல் பளபளத்தால் அது ஈயக் குழாய், அதை மாற்றிவிட வேண்டும். பின்கட்டுக் கூரையில் பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு இருந்தால் துளையிடாமலும் உடைக்காமலும் விட்டுவையுங்கள். அகற்ற வேண்டுமானால் அதற்கென்று பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும். கூரை ஒழுக்கை அடைக்கவும் ஓராண்டு காத்திருக்க வேண்டாம்.

இனி, அனுமதி. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றிய அச்சம் தெரிகிறது. வாழும் தெரு ஒன்றை முழுமையாகக் காக்கும் சட்டங்கள் புதியவை அல்ல. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931-இலேயே பழைய குடியிருப்புப் பகுதிக்கென ஒரு விதியை இயற்றியது. பிரான்சு 1962-இலும், பிரிட்டன் 1967-இலும், ஜப்பான் 1975-இலும் பகுதி முழுவதையும் காக்கும் சட்டங்களைக் கொண்டுவந்தன. தனித்தனியாகப் பார்த்தால் எந்த வீடும் நினைவுச்சின்னம் அல்ல. ஆனால் ஒரே கூரை உயரம், ஒரே வரிசையில் நிற்கும் முகப்புகள், ஒத்த அளவுள்ள ஜன்னல்கள் ஆகியவை சேர்ந்தால்தான் அந்தத் தெரு உருவாகிறது என்பதே இவற்றின் அடிப்படை. எனவே உங்கள் முகப்பின்மேல் தெருவுக்கும் ஒரு பாத்தியதை உண்டு என்பதை மனப்பூர்வமாக ஏற்க முடியாவிட்டால், இந்த வீட்டை வாங்காமல் இருப்பதே உங்களுக்கும் தெருவுக்கும் நல்லது. ஏற்க முடியுமானால், அதே விதி உங்கள் எதிர்வீட்டை இடித்துவிட்டு அங்கே ஐந்து மாடி எழும்பாமல் உங்களையும் காக்கிறது என்பது போகப்போகப் புரியும்.

உங்கள் வீடு பகுதியின் ஓர் உறுப்பாக மட்டும் பட்டியலில் இருக்கிறதா, தனிக் கட்டடமாகவும் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு எழுத்துமூலம் பெற்றுக்கொள்ளுங்கள். முன்னதில் கட்டுப்பாடு பெரும்பாலும் தெருவிலிருந்து தெரியும் பகுதிகளோடு நின்றுவிடும். பின்னதில் படிக்கட்டு, கதவு, தரை வரைக்கும் நீளலாம். வரைபடம் தீட்டி முடித்துவிட்டு அனுமதி கேட்கப் போவதைவிட, வெறும் புகைப்படங்களோடு முதலிலேயே சென்று அந்த அலுவலரின் கருத்தைக் கேட்பது பல மாதங்களை மிச்சப்படுத்தும். பழைய பாணியில் இருந்தால் பிடிக்கும் என்று எண்ணி, அங்கே என்றைக்கும் இல்லாத தூண்களையும் வளைவுகளையும் புதிதாகச் சேர்க்கத் திட்டமிடாதீர்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்று 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் வகுத்த நெறியைத்தான் உலகெங்கும் மரபுப் பாதுகாப்பாளர்கள் பின்பற்றுகிறார்கள்.

உங்கள் தாயாரின் வசதிக்காக முகப்பு விதியிடம் தயங்கி நிற்க வேண்டியதில்லை. பழைய நகரங்களைக் காப்பது பற்றிய 1987-ஆம் ஆண்டின் வாஷிங்டன் சாசனம், குடியிருப்புகளின் வசதியை மேம்படுத்துவதையும் பாதுகாப்பின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அந்தக் காப்பு முதன்மையாக அங்கே வாழ்வோரைப் பற்றியது என்றும் அது கூறுகிறது. தரைத்தளத்தில் பின்புறமாக, ஈரம் குறைந்த அறை எது என்று பார்த்து அதை அவருக்கு ஒதுக்குங்கள். அதை ஒட்டிக் குளியலறை அமைக்கும்போது, தண்ணீர்க் குழாய்களைப் பழைய சுவருக்குள் வெட்டிப் பதிக்காமல் வெளிப்படையாக ஓடவிடுங்கள். கசிந்தால் அன்றே தெரிந்துவிடும். வாசலில் சாய்தளம் வேண்டுமானால், படிகளை உடைக்காமல் அவற்றின்மேல் பொருத்தி, வேண்டாதபோது எடுத்துவிடக்கூடிய மரச் சாய்தளத்துக்கு விண்ணப்பியுங்கள். மீண்டும் எடுத்துவிடக்கூடிய எந்த மாற்றத்துக்கும் இணக்கம் எளிதில் கிடைக்கும். இரவில் அவர் நடக்கும் வழியிலுள்ள நிலைப்படிகளுக்கு வெளிச்சமும் கைப்பிடியும் முதல் வாரத்திலேயே வேண்டும். பழைய வீடுகளின் நிலைப்படி உயரமானது, இளையவர்களும் இடறுவார்கள்.

தெருவாசிகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதை உங்கள்மேல் கொண்ட வெறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெனிஸின் பழைய நகரப் பகுதியில் 1951-இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-இல் அந்த எண்ணிக்கை 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. கட்டடங்கள் நிற்கின்றன, வாழ்பவர்கள் போய்விட்டார்கள். ஜப்பானின் சுமாகோ என்னும் மலைவழிச் சிற்றூரில், பழைய தெருவைக் காக்க முனைந்த குடியிருப்பாளர்கள் 1971-இல் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள்: வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. அழகான தெரு என்று பெயர் வாங்கியதும் வீடுகள் விடுமுறை விடுதிகளாகிவிடும், விளக்கெரியும் ஜன்னல்கள் குறைந்துவிடும் என்ற அச்சம் இப்படிப்பட்ட தெருக்களில் எங்கும் உண்டு, அது நியாயமான அச்சம். நீங்கள் தாயாரோடும் குழந்தைகளோடும் ஆண்டு முழுவதும் வாழ வருகிறீர்கள் என்பதை அவர்களிடம் நேரில் சென்று சொல்லுங்கள். அவர்கள் கேட்க விரும்புவது அதைத்தான்.

வாங்கி முடித்த பின் அறிமுகம் செய்துகொள்ளலாம் என்று இருந்துவிடாமல், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இருபக்கத்து வீட்டாரையும் சந்தியுங்கள். பொதுச்சுவர் வீட்டில் அண்டையாரும் வீட்டின் ஒரு பகுதிதான். அவர்கள் கூரைத் தாழி அடைத்தால் நனைவது உங்கள் சுவர். உங்கள் குளியலறை கசிந்தால் உப்புப் பூப்பது அவர்கள் படுக்கையறை. சில வரிசை வீடுகளில் கூரையின் உட்புறம் தடுப்பில்லாமல் வீட்டுக்கு வீடு தொடர்ந்திருக்கும். ஒரு வீட்டில் பிடித்த தீ அந்த வழியாகச் சில நிமிடங்களில் வரிசை முழுவதும் பரவிவிடும். ஆகவே ஏணி வைத்து ஏறிப் பார்த்து, தடுப்பு இல்லையென்றால் இரு வீட்டாரும் சேர்ந்து ஒரு தீத்தடுப்புச் சுவர் எழுப்புவது பற்றிப் பேசுங்கள். புகை எச்சரிக்கைக் கருவிகளை இரு வீட்டிலும் மாட்டுங்கள். எந்த ஆண்டு வெள்ளம் எதுவரை வந்தது, பழைய கிணறும் கழிவுக் குழியும் எங்கே மூடப்பட்டன, முந்தைய சொந்தக்காரர் எந்தச் சுவரை இடித்தார் என்பதெல்லாம் எந்தப் பத்திரத்திலும் இருக்காது. அடுத்த வீட்டு முதியவரின் நினைவில் இருக்கும். அவர் சொல்வதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஆய்வு அறிக்கையைவிடவும் அது உங்களுக்குப் பயன்படும்.

கடைசியாகப் பத்திர வேலை. முந்தைய சொந்தக்காரர்கள் அனுமதியின்றி முகப்பை மாற்றியிருந்தால், அதைச் சரிசெய்யும் பொறுப்பு பல நாடுகளில் வாங்குபவர் தலையில் வந்து விழும். ஆகையால் செய்யப்பட்ட மாற்றங்களுக்கான அனுமதிக் கடிதங்களை விற்பவரிடம் கேளுங்கள். இல்லாதவற்றை ஒப்பந்தத்தில் பெயர் குறித்து எழுதி, அந்தச் செலவு யாருடையது என்றும் குறிப்பிட்டுவிடுங்கள். காப்பீடு எடுக்கும்போது சந்தை விலைக்கு எடுக்காதீர்கள். அதே பொருளில், அதே முறையில் திரும்பக் கட்டுவதற்கு ஆகும் செலவுக்கே எடுக்க வேண்டும். சுண்ணாம்பு வேலையும் தேர்ந்த தச்சு வேலையும் அந்தத் தொகையை வீட்டின் விலைக்கு மேலேயே கொண்டுபோய்விடக்கூடும். பொதுச்சுவரும் பின்கட்டு வடிகாலும் யாருக்கு எந்த அளவில் உரியவை, யார் பழுதுபார்க்க வேண்டும் என்பது மூலப்பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று வழக்கறிஞரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். எழுதப்படாமல் இருந்தால், பதிவுக்கு முன்பே அண்டை வீட்டாரோடு ஓர் எளிய உடன்படிக்கை செய்து இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். விற்பவரும் உடன் இருக்கும்போது அந்தப் பேச்சு சுமுகமாக நடக்கும்.